குசினியிலிருந்து கூப்பிட்ட பெயர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகும் நான் அதைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன். நீ கோபித்துக்கொண்டு வைக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவளுக்குக் கோபத்தைச் சமாளிக்கத் தெரியும். நீயோ "சரி அம்மா, விடுங்கோ" என்று மட்டும் சொன்னாய். வகுப்பில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, ரீச்சர் பார்க்காமல் போக, மெல்ல அந்தக் கையை இறக்கும் அல்லவா, அப்படி இருந்தது உன் குரல். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தை வாசிக்க உனக்குச் சிரமமென்றால் ஷாமினியிடம் கொடு. அவள் மலேசியாவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், உனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளும் அறியவேண்டிய விஷயம்தான்.

நீ கேட்டது சின்ன உதவி. உனக்கும் ஷாமினிக்கும் நடக்கும் கல்யாண வரவேற்பில், சாப்பாட்டுக்குப் பிறகு, மைக்கைப் பிடித்து அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசவேண்டும், அவருடைய பெயரைச் சொல்லிப் பேசவேண்டும். சித்தப்பா பேசட்டும் என்றேன். "சித்தப்பா தன்ர பகிடியைத்தான் சொல்லுவார்" என்றாய். பிறகுதான் அதைச் சொன்னாய்: "அம்மா, நீங்கள் அப்பான்ர பேரைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது என்ர பேரும்தானே." உண்மைதான். நம் வழக்கப்படி அப்பாவின் பெயர்தான் உன் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. மெல்போர்னில், கிளேட்டனில் நீ வேலைசெய்யும் இடத்தில் உன் அறைக் கதவில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பதிவோடு என் பெயருக்குப் பின்னாலும் அதுதான் வந்தது. அதைச் சொல்ல முடியாமல்தான் இங்கே பள்ளிக்கூடத்தில் முதல்நாளே, என்னை அந்தப் பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்தோடு மிஸிஸ் ரி என்று கூப்பிட்டால் போதும் என்றேன். பெயர் நீளமென்று நான் அவர்களுக்காக இரங்கிச் சுருக்கினேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

புருஷனின் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். விஞ்ஞானம் படித்தவள், விஞ்ஞானம் படிப்பித்தவள், அதை நான் நம்பவில்லை. நம்பாமலே கடைப்பிடித்தேன். நம்பிக்கை என்றால் வாதாடி விட்டுவிடலாம். பழக்கத்தோடு எப்படி வாதாடுவது? எழுதச் சொன்னால் எழுதுவேன். வாயால் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன். ஈஸ்டர் விடுமுறைக்கு ஷாமினியைக் கூட்டிவந்தாயே, அவள் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துக் கேட்டாள், "வீட்டுல அங்கிள எப்படி கூப்பிடுவீங்க ஆன்ட்டி?" என்று. நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் நீளமானது. அது ஒரு சிபி ரேடியோவில் தொடங்குகிறது.

நாங்கள் எண்பத்து நான்கில் இங்கே வந்தபோது உனக்கு ஆறு வயது. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கிளார்க்காக இருந்த உன் அப்பா, செவன் ஹில்ஸில் ஒரு கம்பனிக்கு லொறி ஓட்டினார். காலையில் சாமான் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி பாதர்ஸ்ட், சில நாள் ஒரேஞ்ச் என்ற ஊர் வரை போய், பின்னேரம் திரும்புவார். அந்த நேரம் கைத்தொலைபேசி இல்லை. லொறிக்காரர் எல்லாருக்கும் லொறியிலும் வீட்டிலும் பூட்டி ஒருவரோடு ஒருவர் கதைக்கும் சிபி ரேடியோதான். அதைப் பற்றி உன் தலைமுறைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பெரிய வகுப்பறை. ஆர் வேண்டுமென்றாலும் உள்ளே வரலாம், எல்லார் பேச்சும் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் ஒருவர் பட்டனை அமத்திப் பேசும்போது மற்றவர்கள் பொறுக்கவேண்டும். பேசி முடித்தவர் பட்டனை விடவேண்டும். விடாவிட்டால் பதில் வராது. நான் அறிந்த வகுப்புகளில் அதுதான் ஒழுங்கான வகுப்பு. முகம் தெரியாத இடம் என்பதால் ஒவ்வொருவரும் தனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள்.

பழைய பெட்டி ஒன்றை வாங்கி அப்பா நான் சமைக்கும் குசினியில், அலுமாரிக்குப் பக்கத்தில் பூட்டினார். கூரையில் ஏறி அன்ரனாவைத் தானே நிறுத்தினார். பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, மைக்கைக் கையில் தந்து, தான் லொறியில் போய் இருந்துகொண்டு, தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறேன் என்று கேட்டார். சொந்தப் பெயர் வேண்டாம், சிங்கம், புலி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னார். புருஷனைச் சிங்கம் என்று கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. "நீர் ஏதாவது ஒண்டைச் சொல்லும், எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கினம்" என்றார். பட்டனை அமத்தினேன். கல்யாணம் செய்த நாள் முதல் நான் கூப்பிட்டு வந்தபடியே, இங்கே பாருங்கோ என்பதை வாய்க்குள் சுருக்கிக் கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ."

சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு எங்கேயோ நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒருவன், இந்த இஞ்சாரு ஆர், புது ஆளா என்று கேட்டான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். லொறியில் சிரித்தது ரேடியோவிலும் கேட்டது, ஜன்னலாலும் கேட்டது. ஓம், நான்தான் இஞ்சாரு என்று அவனுக்குச் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சாலையில் அவருக்கு அதுதான் பெயர். அவர் என்னைக் கூப்பிடும்போது "குசினி, குசினி" என்பார். வீட்டில் ரேடியோ இருந்த இடம் அது, அவ்வளவுதான். வெள்ளைக்கார லொறிக்காரர் எல்லாரும் என்னைக் குசினி என்றே அறிந்தார்கள். அவர்களுடைய மனைவிமாரைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் குசினியிடம் சொல்லுவார்கள். ஒருவருடைய சொந்தப் பெயரும் எனக்குத் தெரியாது.

பின்னேரத்தில் லொறி மலையை விட்டு இறங்கத் தொடங்கும்போதுதான் அவருடைய குரல் நம் வீட்டுக்கு எட்டும். மலைக்கு அந்தப் பக்கம் நின்றால் ஒன்றும் கேட்காது. முதலில் கரகரப்பு, பிறகு "குசினி". அதைக் கேட்டதும் அரிசியைக் கழுவி அடுப்பில் வைப்பேன். அவர் வந்து கால் கழுவும்போது சோறு வடித்திருக்கும். உனக்கு எட்டு வயதில் ஒருநாள், ஊரிலிருந்து என் கூடப்பிறந்த தம்பியைப் பற்றிக் கெட்ட செய்தி வந்து நான் குசினித் தரையில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். நீ கதிரையில் ஏறி, பட்டனை அமத்தி, அம்மா அழுகிறா, இஞ்சாரு எங்கே என்று இங்கிலீஷில் கேட்டாய். அப்பா அப்போது மலைக்கு அந்தப் பக்கம். உன் குரல் அவருக்கு எட்டவில்லை. மலையுச்சியில் நின்ற ஒருவர் அதைக் கேட்டு அவருக்குச் சொன்னார், அவர் வேகமாக வந்து சேர்ந்தார். அடுத்த கிழமை நம் வாசல் கேற்றடியில் ஒரு பெட்டி பீச் பழம் இருந்தது. மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்பானர் என்ற பட்டப்பெயர்க்காரர், கூரை அன்ரனாவைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடித்து வைத்தது என்று பிறகு ரேடியோவில்தான் அறிந்தோம். இது உனக்கு நினைவிருக்காது. பழம் சாப்பிட்டது நினைவிருக்கலாம்.

பிறகு நீ வளர்ந்தாய். உன் சிநேகிதர்கள் வரும்போது ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பாய். நான் பிழை சொல்லவில்லை, அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு வெட்கம் இருக்கும். சிபியும் மாறிக்கொண்டிருந்தது. முதலில் தூஷணம் பேசும் பெடியன்கள் வந்தார்கள். கண்ணியமான ஆட்கள் ஒவ்வொருவராகப் புதுவகை ரேடியோவுக்கு மாறினார்கள், அது நம் பெட்டியில் கேட்காது. பிறகு கைத்தொலைபேசி வந்தது. விடுமுறையில் வேலைசெய்து உழைத்த காசில் நீ அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தாய். அவர் அதை எத்தனை பேருக்குக் காட்டினார் தெரியுமா. ஆனால் அதில் ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டியதில்லை, இலக்கத்தைத் தட்டினால் போதும். "நான்தான்" என்பேன், "ஓம் சொல்லும்" என்பார். அவருக்கு மட்டும் தனியாகக் கேட்டது. குசினிக்கு ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. நம் பெட்டி இன்னும் ஒன்றிரண்டு வருடம் வெறும் இரைச்சலோடு கிடந்தது. ஒருநாள் அந்த இரைச்சலும் நின்றது. திருத்தத்தான் வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். திருத்தினாலும் ஆரோடு கதைக்கிறது என்று நான் கேட்டேன். அவர் அதைக் கழற்றி, துணியால் சுற்றி, கராஜில் வைத்தார்.

இனி நான் எழுதப்போவதை நீ அறியமாட்டாய், நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, நீ மெல்போர்னில் விமானத்துக்குக் காத்திருந்த நேரம், கட்டிலடியில் நின்ற தாதி மிகவும் அன்பானவள். அவருக்கு நினைவில்லை, ஆனாலும் காது கேட்கக்கூடும், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள். நான் குனிந்து "இஞ்சாருங்கோ" என்றேன். சத்தமாக, பெயரைச் சொல்லி, என்றாள் மறுபடியும். நானும் மறுபடி "இஞ்சாருங்கோ" என்றேன். அதுதான் அவருடைய பெயர் என்று அவள் நினைத்துவிட்டாள் போலும். மற்றப் பக்கத்தில் குனிந்து அவளும் தன் வாயில் வந்தபடி "மிஸ்டர் இஞ்சாரு, மிஸ்டர் இஞ்சாரு" என்று கூப்பிட்டாள். விழித்திருந்தால் அவர் சிரித்திருப்பார். அவர் விழிக்கவில்லை. சொன்னால் ஆயுள் குறையும் என்றார்கள். நான் ஒருதரமும் சொல்லவில்லை தம்பி. குறைந்துதான் போனது. அதற்குப் பிறகு சொல்வதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் நாக்கு அந்தப் பாதையை மறந்துவிட்டிருந்தது.

செத்தவீடு முடிந்த அன்று நீ சொன்ன ஒரு சொல் எனக்குள் கிடக்கிறது. சொந்தக்காரர் வந்தார்கள், என் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தார்கள், நாங்கள் குடியிருக்கும் டூங்கபி முழுக்க வந்தது. நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அப்பாக்கெண்டு ஒரு பிரெண்ட்கூட வரேல்லை" என்றாய். இத்தனை வருடமும் அந்தப் பெட்டியோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் என்று நீ அவரை நினைத்துக்கொண்டாய் என எனக்கு விளங்கியது. எனக்கும் அது வலித்தது. பழப்பெட்டி வைத்துவிட்டுப் போன மனிதர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கும் மனக்குறை இருந்தது.

போன ஞாயிறு நீ தொலைபேசியில் பேரைப் பற்றிச் சொன்ன பிறகு நான் கராஜுக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. செவன் ஹில்ஸில் மின்சாமான் திருத்தும் கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். இதையெல்லாம் இப்போது ஆரும் தொடுவதில்லை, லொறி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும் பொழுதுபோக்காகத் தன் கராஜில் திருத்துகிறார் என்று விலாசம் தந்தார். சனிக்கிழமை காலையில் போனேன். பருத்த உடம்பு, முழங்கால் இரண்டும் வளைந்த ஒரு வெள்ளைக்காரர். தன் பெயர் பொப் என்றார். நான் கதிரையில் இருந்து, ரீச்சர் பழக்கத்தில், வருத்தக்காரப் பிள்ளையைப் பற்றி டொக்டருக்குச் சொல்வது போல ஒழுங்காகச் சொன்னேன்: லைட் எரிகிறது, சத்தம் இல்லை, பட்டனை அமத்தினால் முள் அசையவில்லை. அவர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். இன்னொருதரம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"குசினி."

உன் அப்பா சொல்வது போலவே சொன்னார். பிறகு, பீச் பழம் நல்லாக இருந்ததா என்று கேட்டார். இருபது வருடத்துக்குப் பிறகு, தம்பி! அவர்தான் ஸ்பானர். நல்லாக இருந்தது, இரண்டு மட்டும் நசிந்திருந்தது என்றேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இஞ்சாரு எங்கே என்றார்.

நான் சொன்னேன். அவர் கையில் இருந்த திருகாணியை மேசையில் வைத்தார். நீங்கள் இரண்டுபேரும் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டீர்கள் என்றல்லவா நினைத்திருந்தோம், என்றார். பழைய ஆட்கள் நாலைந்து பேர் வழியில் சந்தித்தால், இஞ்சாரு இப்போது கடற்கரையில் குசினியோடு வெயில் காய்ந்துகொண்டிருப்பான் என்று சொல்லிச் சிரிப்பார்களாம். எங்களுக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டார். பேப்பரில் போட்டோமே என்றேன். எந்தப் பெயரில் என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. எதிரில் நிற்பவர் அவருக்காகக் கண் கலங்கி நிற்கிறார், என்னால் முடியவில்லை. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து மேசைப் பலகையிலேயே இங்கிலீஷில் எழுதினேன். பொப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தார். "தில்லை. நாதன்." பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தைத் தினமும் பார்க்கிறவராம். அன்றும் பார்த்திருப்பேன், இந்தப் பெயரைக் கடந்து போயிருப்பேன் என்றார். அவர்கள் வராமல் விடவில்லை தம்பி. நாங்கள் கூப்பிட்ட பெயரில் அவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை. உன் அப்பாவுக்குச் சிநேகிதர் இருந்தார்கள். அவர்கள் அழவேண்டிய நாளில், அது தங்கள் ஆள் என்று தெரியாமல் லொறி ஓட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அன்று முழுக்க பொப் அந்தப் பெட்டியோடு இருந்தார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி இரண்டு வறண்டு போயிருந்தன. ஊரில் கரும்பலகையில் கீறிப் படிப்பித்த சாமானை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. உள்ளே இருக்கவேண்டிய ஈரம் காய்ந்தால் அது வேலை செய்யாது. மைக்கின் வயர் தோலுக்குள்ளே அறுந்திருந்தது, வெளியே பார்த்தால் தெரியாது. பின்னேரம் அவர் நம் வீட்டுக்கே வந்தார். அன்ரனா வயருக்குள் மழைத்தண்ணி போய்ச் செம்பு பச்சை பிடித்திருந்தது, அதை வெட்டி மாற்றினார். பழைய இடத்திலேயே பூட்டி, சுவிட்சைப் போட்டார். நம் குசினியில் அந்த இரைச்சல் திரும்ப வந்தது. அவர் ஒவ்வொரு சானலாகத் திருப்பிப் பார்த்தார். முன்பு ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு பேசிய இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி வெறுமையாக இருந்தன. இங்கே இப்போது ஒருவரும் இல்லை, குசினி, என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துப் போனார்.

ஒருவரும் இல்லாத இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். லொறி மலை இறங்கும் நேரம்தான். பட்டனை அமத்தினேன், முதலில் இருமல் வந்தது. பிறகு சொன்னேன். "தில்லைநாதன். தில்லைநாதன், குசினியில இருந்து கதைக்கிறன்." ஒரு வேற்று ஆளின் பெயர் போல இருந்தது. இன்னொருதரம் சொன்னேன், கொஞ்சம் அவர் மாதிரி இருந்தது. பிறகு பட்டனை விட்டேன். விட்டால்தான் மற்றப் பக்கம் பேசும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். இரைச்சல் மட்டும் வந்தது. இருட்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அரிசி போடவில்லை.

ஷாமினி உன்னை என் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என் முகம் ஒருமாதிரிப் போவதை நீ கவனித்திருப்பாய். அவளை நிறுத்தச் சொல்லாதே. நீயும் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிடு, எட்ட நிற்பவர்களுக்கும் கேட்கிறபடி கூப்பிடு. உங்கள் சிநேகிதர்களின் முழுப்பெயரைக் கேட்டு வைத்துக்கொள், உங்களுடையதையும் அவர்களுக்குச் சொல்லிவை. ஒருநாள் தேவைப்படும். அவளுடைய கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடு: இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிட்டேன், அதற்குள் எல்லாம் இருந்தது, ஆனால் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது.

மண்டபத்தில் ஒரு கதிரை கூடுதலாகப் போடு, பொப் வருகிறார். லொறி ஓட்டியவருக்கு மெல்போர்ன் தூரமில்லையாம். சாப்பாட்டுக்குப் பிறகு மைக்கை என்னிடம் தா. நான் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று பக்கத்தில் ஓடி வராதே, சித்தப்பாவைக் கை தட்டவும் விடாதே. பட்டனை விட்டுவிட்டு நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்.

அம்மா